பிளேன் மரமும் டெஸ்ஸியின் தும்மலும்

எங்கள் வீதியில் டெஸ்ஸி தும்மினால் நாய்கள் குரைப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கும். ஒன்றோடு நிற்கிற தும்மல் இல்லை அது. முதலில் வாயைப் பிளந்து வானத்தைப் பார்ப்பாள். கையில் இருப்பதைக் கீழே வைப்பாள். பிறகு ஏழெட்டு, விடாமல், வீடு அதிர. கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டு, வாசலில் நிற்கிற பிளேன் மரத்தைப் பார்த்து மால்ட்டா மொழியில் ஒரு வசவு. அதை இங்கே எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாதா முன்னால் மெழுகுவத்தி ஏற்றுகிறவள் வாயா இது என்று நானே கேட்டிருக்கிறேன்.

நான் மர்லீன், எதிர்வீட்டுக்காரி. எங்கள் இரண்டு பேருக்கும் வேலையும் ஒரே இடம்தான், மெல்பர்னுக்கு மேற்கே செயின்ட் ஆல்பன்ஸ் ஸ்டேஷன் பக்கத்துப் பஸ்திட்சிக் கடை. மாவை மேசை நீளத்துக்கு இழுத்து, கொழுப்பு தடவி, கயிறாகச் சுருட்டி, துண்டு கிள்ளி, கட்டைவிரலால் குழித்து, உள்ளே ரிக்கோட்டாச் சீஸோ பட்டாணியோ வைத்து ஓரங்களை மூடுவது டெஸ்ஸி. தட்டுத் தட்டாக அடுப்பில் தள்ளி எடுப்பது நான். எங்கள் மால்ட்டா ஆட்களுக்குக் காலைச் சாப்பாடும் அதுதான், கால்பந்து பார்க்கும்போது கொறிப்பதும் அதுதான், துக்க வீட்டுக்கு எடுத்துப்போவதும் அதுதான்.

"நாள் பூரா மாவுத் தூசியில நிக்கறே. அதுக்குத் தும்மல் வராதா? பாவம், அந்த மரத்தைப் போய்த் திட்டறே" என்பேன்.

"மாவுல நின்னா வர்றதில்லடி. வீட்டு வாசல்ல கால் வெச்சா வருது. மாவா என் வாசல்ல நிக்குது? மரம்தான நிக்குது?"

இதற்கு மேல் அவளோடு பேச முடியாது.

மரம் கவுன்சில் மரம், நகராட்சி நட்டது. டெஸ்ஸி வீட்டுக்கும் பக்கத்து வீட்டு பிளாகோயா வீட்டுக்கும் நடுவில், நடைபாதை ஓரப் புல்வெளியில் நின்றது. மின்கம்பிக்காக நடுக்கிளைகளை வெட்டி வெட்டி, இரண்டு கையையும் தூக்கிச் சரணடைந்த ஆள் மாதிரி ஆகிவிட்டிருந்தது. வீதி முழுக்க அதே மரங்கள்தான் என்றாலும் அவ்வளவு பெரிது வேறொன்று இல்லை. செப்டம்பர் வந்தால் பழைய காய்கள் உடைந்து பழுப்பு நிறத்தில் பஞ்சு பறக்கும். புதுப் பூவிலிருந்து மஞ்சள் தூள் இறங்கும். கார்க் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம். முன்பெல்லாம் செப்டம்பர் பாதியில்தான் இது தொடங்கும். இப்போது குளிர்காலம் முடிவதற்குள், போர்வையை மடித்து வைப்பதற்குள் தொடங்கிவிடுகிறது. வெயிலும் அப்படித்தான், கிறிஸ்துமஸுக்கு வரவேண்டியது நவம்பரிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பிளாகோயா மாசிடோனியாக்காரர். டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ஸ்லாவ்கா இறந்த பிறகு தனியாக இருந்தார். டயர்ப் புகை அவர் நெஞ்சில் ஆஸ்துமாவை விட்டுவிட்டுப் போயிருந்தது. சட்டைப் பையில் மூச்சுக்கு மருந்து இழுக்கிற நீலப் பஃபர் எப்போதும் துருத்திக்கொண்டிருக்கும். யாரைப் பார்த்தாலும் "கொம்ஷி" என்பார். அவர்கள் மொழியில் பக்கத்து வீட்டுக்காரர் என்று அர்த்தம். கோடை முழுக்க அவர் குடித்தனம் அந்த மரத்தடியில்தான். ஒரு பழைய மேசை, இரண்டு சமையலறை நாற்காலி, ஒரு சின்னப் பாத்திரத்தில் காப்பி. இரண்டாவது நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அந்த மரத்தை அவர் விடாததற்குக் காரணம் இருந்தது. வருஷக்கணக்கில் மழை பொய்த்த அந்தக் காலத்தில் தோட்டக் குழாய் திறந்தாலே கவுன்சில்காரன் வந்து நிற்பான். எல்லா வீட்டிலும் குளிக்கும்போது காலடியில் வாளி வைத்துத் தண்ணீர் பிடிப்போம். நாங்களெல்லாம் அதைத் தக்காளிக்கு ஊற்றினோம். ஸ்லாவ்கா மட்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து மரத்துக்கு ஊற்றினாள். "கவுன்சில் மரத்துக்கு உன் குளிச்ச தண்ணி எதுக்கு?" என்று டெஸ்ஸி கேட்டதற்கு, "நிழல் நம்மளுதுதானே" என்றாளாம். அந்த வறட்சியில் வீதியில் பல மரங்கள் காய்ந்தன. இது மட்டும் இலை உதிர்க்கவில்லை.

டெஸ்ஸி கவுன்சிலுக்குப் போன் போட்டுப் போட்டு, கடைசியில் ஒருவன் வந்து அடிமரத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனான். பிளாகோயா மறுநாளே பஸ் பிடித்துப் போய் ஆட்சேபம் சொல்லிவிட்டு வந்தார். அதோடு நின்றது. மரம் குறியோடு, வீதி சண்டையோடு.

"யோவ் பிளாகோயா, என் மூக்கைப் பாரு, தக்காளி மாதிரி ஆயிடுச்சு. உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?"

"மூக்கை மூடிக்க கொம்ஷி. மரம் எங்க போய் மூடிக்கும்?"

"ஆஸ்துமாக்காரன்தானே நீ? உனக்கே ஒண்ணும் பண்ணலியா அது?"

"எனக்குப் பண்ணினது டயர். மரம் காப்பிக்கு நிழல் குடுக்குது."

"ஒருநா பாரு, நானே வென்சுகிட்ட ரம்பம் வாங்கி அறுத்துடறேன்."

வென்சு அவள் புருஷன். கான்கிரீட் போடுகிற வேலை. ஊரில் பாதி வீட்டுக் கார்ப்பாதை அவன் கை வேலைதான். அவனைப் பஞ்சாயத்துக்கு இழுத்தால், "எனக்குப் பொண்டாட்டியும் வேணும், வண்டி நிறுத்த நிழலும் வேணும், என்னை விடுங்க" என்று கொல்லைப்பக்கம் போய்விடுவான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த நவம்பர் நாள் வந்தது.

காலையிலிருந்தே வடக்குக் காற்று. உள்நாட்டிலிருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்ட மாதிரி. அந்த வருஷம் வசந்தத்தில் நல்ல மழை. ரயில் பாதைக்கு அப்பால் வெறும் நிலமெல்லாம் இடுப்புயரம் ரைப்புல் வளர்ந்து, மஞ்சளாகிக் கதிர்விட்டு ஆடிக்கொண்டிருந்தது. கடையில் எங்கள் இரண்டு பேருக்கும் உயிர் போய்விட்டது. கொழுப்பு மேசையிலேயே உருகி ஓடியது. மாவு இழுத்தால் கிழிந்தது. வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: மாற்றம் எப்போது?

மெல்பர்னில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம். வெயில் நாளின் முடிவில் தெற்கிலிருந்து குளிர்காற்று ஒன்று வரும். பத்து நிமிஷத்தில் சட்டை போடலாம் போலாகிவிடும். அதைத்தான் மாற்றம் என்போம். ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பான், இங்கே வந்துவிட்டது, அங்கே வந்துவிட்டது என்று, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி. வந்ததும் முன்கதவு, பின்கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து காற்றை வீட்டுக்குள் ஓடவிடுவோம். ஆளும் வெளியே வந்து நிற்போம். எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

"ஜீலாங்குக்கு வந்துடுச்சாம்டி!" வீட்டு வாசலிலிருந்து டெஸ்ஸி கத்தினாள். அவள் வென்சுவுக்கு வேலை முடியவில்லை, தனியாகத்தான் இருந்தாள்.

"நம்ம வீட்டுக்கு வரட்டும், அப்பறம் சொல்லு."

வந்தது. முதலில் தகரக் கூரைகள் படபடத்தன. தெற்கே கருமேகம், மின்னல். பிளேன் மரம் இலைகளைப் புரட்டிக்கொண்டது. வீதி முழுக்கக் கதவுகள் திறக்கும் சத்தம். டெஸ்ஸி கேட்டருகே வந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"ஆ... மாதாவே, உனக்கு ஒரு மெழுகுவத்தி!" என்றாள்.

காற்றில் காய்ந்த புல் வாசனையும் மண் வாசனையும் வந்தன. நாலு பெரிய துளி விழுந்தது. நான் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, உள்ளே போய்ச் சாலட் நறுக்கினேன். தக்காளி முடிந்து வெள்ளரிக்காய்க்கு வரும்போது போன் அடித்தது. டெஸ்ஸி எண். எடுத்தால் பேச்சில்லை. விசில் மாதிரி ஒரு சத்தம் மட்டும்.

ஓடினேன். சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். உதடு சாம்பல் நிறம்.

"மர்லீன்... வர... மாட்டேங்குது..."

"என்ன வர மாட்டேங்குது? என்னடி ஆச்சு?"

"மூச்சு."

அவளுக்குத் தும்மல்தான் உண்டே தவிர, ஆஸ்துமா இருந்ததே இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போட்டேன். வரிசையில் இருக்கச் சொல்லி ஒரு குரல். பிறகு ஒரு பெண் எடுத்து, "மேற்குப் பக்கம் முழுக்கக் கூப்பிடறாங்க, வண்டி வர நேரமாகும், உங்ககிட்ட பஃபர் இருக்கா?" என்று கேட்டாள். நான் பின்கதவுக்குப் போய் வேலி மேல் தலையை நீட்டி, "பிளாகோயா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் வந்தபோது அவருக்கும் இரைத்தது. வரும் வழியில் தானும் இரண்டு இழுப்பு இழுத்திருந்தார். டெஸ்ஸியைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. குப்பைத் தொட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக் கழுவி, அடிப்பாகத்தில் கத்தியால் ஓட்டை போட்டு, பஃபரை அதில் செருகி, பாட்டில் வாயை அவள் வாயில் வைத்தார்.

"இதைப் பாரு கொம்ஷி. நான் அமுக்குவேன். நீ நாலு தடவை மெதுவா இழு. என்னைத் திட்டறதுக்கு மூச்சு வேணும்ல? அதுக்காக இழு."

அவள் இழுத்தாள். அவர் அமுக்கினார்.

"இன்னொண்ணு. அப்படித்தான். உக்காரு, படுக்காதே. மர்லீன், கதவைச் சாத்து... என் வண்டியை எடுக்கறேன்."

"ஆம்புலன்ஸ் வருதுன்னு..."

"எப்ப வரும்? நாம போலாம்."

பின்பக்கம் திறந்த அவருடைய பழைய யூட் வண்டியின் முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு போனோம். ஒரு கையால் ஸ்டியரிங். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மறுகையால் பஃபர். அவளுக்கு ஒன்று கொடுத்துவிட்டுத் தனக்கு ஒன்று. நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன். டெஸ்ஸியின் விரல் நகம் என் தொடையில் பதிந்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரி நடைகூடம் காலை டிராம் மாதிரி நெரிசல். நாற்காலியில், தரையில், எல்லாரும் முன்னால் குனிந்தபடி. மேலுடையில் சிமென்ட் தெறித்த ஆட்கள், பள்ளி உடுப்பில் பெண்கள், கார்க்காரர்கள், டாக்ஸிக்காரர்கள். டெஸ்ஸியைப் பார்த்தவுடன் ஒரு நர்ஸ் தள்ளுவண்டியில் போட்டு உள்ளே கொண்டுபோனாள். கதவு மூடிக்கொண்டது. பிளாகோயா சுவரில் சாய்ந்து, அப்படியே கீழே உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு முகமூடி மாட்டினார்கள்.

வென்சு சிமென்ட் பூட்ஸோடு ஓடிவந்தான். பிளாகோயா முகமூடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"அவ சொல்லிக்கிட்டேதான் இருந்தா, வென்சு. அந்த மரம், அந்த மரம்னு. நான் சிரிச்சேன்."

வென்சு அவர் தோளைப் பிடித்தானே தவிர, இல்லையென்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

டெஸ்ஸி பல நாள் குழாயும் ஊசியுமாகக் கிடந்தாள். அதற்குள் பிளாகோயா பஸ் பிடித்துப் போய் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிவிட்டார். என்ன அவசரமோ, கவுன்சில் உடனே ஆள் அனுப்பியது. அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அவர் தன் மேசையையும் இரண்டு நாற்காலிகளையும் தானே உள்ளே எடுத்துப்போனார். ரம்பக்காரர்களுக்குக் காப்பி போட்டுக்கொடுத்தார். முதல் கிளை விழும்போது வெளியே நின்று பார்த்தார். கட்டையைத் துண்டாக்கி அரவை வண்டியில் போட ஆரம்பித்ததும் உள்ளே போய் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

அவளை வீட்டுக்கு அனுப்புகிற நாள் நானும் வென்சுவும் போனோம். பரிசோதனையெல்லாம் செய்து முடித்த டாக்டர் பெண் எங்களையும் உட்காரவைத்துச் சொன்னாள். புல்தான் காரணம். ரைப்புல்லின் மகரந்தம் முழுசாக இருந்தால் மூக்கோடு நின்றுவிடும், தும்மல் வரும். இடிமழைக்கு முன் வருகிற காற்று அதை மேலே அள்ளிக்கொண்டு போய், ஈரத்தில் வெடிக்கவைத்து, பொடிப்பொடியாகக் கீழே தள்ளும். அந்தப் பொடி நேரே நெஞ்சுக்குள் போகும். தும்முகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். மழையும் வெயிலும் கூடக்கூடப் புல்லும் கூடும், இனி வருஷாவருஷம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், மாற்றம் வரும்போது கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும்.

"அப்ப எங்க வீட்டு மரம்?" என்று டெஸ்ஸி கேட்டாள்.

"பிளேன் மரமா? அது செப்டம்பர்ல கொஞ்சம் தும்ம வைக்கும். நவம்பர்ல அதுல ஒண்ணுமில்ல."

டெஸ்ஸி சிரிக்க ஆரம்பித்தாள். காரிலும் சிரிப்பு நிற்கவில்லை.

"பிளாகோயா காலைத் தொட்டு மன்னிப்புக் கேக்கணும்டி. மரத்துகிட்டயும் கேக்கணும். அந்த ரெண்டாவது நாற்காலியில போய் உக்காந்து ஒரு காப்பி குடிக்கப்போறேன். அப்ப அவர் மூஞ்சியைப் பாக்கணும்!"

வென்சு கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன். சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

வீதி திரும்பியதும் அவள் சிரிப்பு நின்றது. வீட்டு முகப்பில் அவ்வளவு வெளிச்சத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மரம் இருந்த இடத்தில் மரத்தூள் வட்டம். பிளாகோயா இஸ்திரி போட்ட சட்டையில் அவள் கேட்டருகே நின்றிருந்தார், கையில் அவர் தோட்டத்து மிளகாய் ஒரு கிண்ணம்.

"வா கொம்ஷி. இனிமே நல்லா மூச்சு விடலாம்" என்றார்.

டெஸ்ஸி கிண்ணத்தோடு சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு அழுதாள். அவர் அதைச் சந்தோஷ அழுகை என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"எப்படிடி சொல்வேன் நான்?" என்று அன்றிலிருந்து மாவு கிள்ளும்போதெல்லாம் கேட்டாள். "அந்த மனுஷன் எனக்காக ஸ்லாவ்கா தண்ணி ஊத்தின மரத்தைக் குடுத்துட்டாரு. சும்மா குடுத்துட்டீங்க, தேவையே இல்லேன்னு சொல்லவா?"

"சொல்லாம விட்டுடு."

"விட்டா? அவருக்கும் ஆஸ்துமாடி. அடுத்த மாத்தக் காத்துக்கு நல்லா நெஞ்சை விரிச்சுக்கிட்டு வாசல்ல நிப்பாரு, மரம்தான் போயிடுச்சேன்னு. என்னை இழுத்துப் போட்டவரை நான் அப்படி விட்டுடவா?"

அவள் சொன்னது சரி.

டிசம்பரில் மறுபடியும் அப்படி ஒரு வடக்குக் காற்று நாள். ரேடியோவில் மாற்றம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிளாகோயா நிழலில்லாத வாசலில், தலையில் கைக்குட்டையோடு நாற்காலி போட்டுக் காத்திருந்தார். டெஸ்ஸி என்னையும் இழுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"எழுந்திரு கொம்ஷி, எங்க வீட்டுக்கு வா."

அவள் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"எதுக்கு? காத்து வரப்போகுது."

"அதுக்குத்தான்."

கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சமையலறையில் உட்காரவைத்து, எல்லாக் கதவு ஜன்னலையும் சாத்தினாள். வீடு வெந்தது. வென்சு பனியனோடு மின்விசிறிக்கு முன்னால் நின்றான். சூடான பஸ்திட்சித் தட்டை அவர் முன் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். புல், இடி, பொடி, எல்லாம். கடைசியில், "மரம் ஒண்ணும் பண்ணலை, கொம்ஷி. தப்பு என்னோடது. என்னை மன்னிச்சுடு" என்றாள்.

வெளியே மாற்றம் வந்து கதவைத் தட்டியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிளாகோயா பஸ்திட்சியைத் தட்டில் வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே மரம் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பையிலிருந்த பஃபரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுமே பண்ணலியா?" என்று கேட்டார்.

"செப்டம்பர்ல கொஞ்சம் தும்ம வைக்குமாம். அவ்வளவுதான்."

"அப்ப அந்தத் தும்மல் இனிமே வராதுல்ல?"

டெஸ்ஸி என்னைப் பார்த்தாள்.

"வராது" என்றாள்.

"அது போதும்" என்றார் பிளாகோயா. "பதினஞ்சு வருஷமா அந்தச் சத்தம். நானும் தூங்கலாம்." பஸ்திட்சியை எடுத்துக் கடித்தார். கண் கலங்கியிருந்தது. "பட்டாணி இல்லியா? எப்பப் பாத்தாலும் ரிக்கோட்டா."

மழை நன்றாகப் பிடித்து வானம் வெளுத்த பிறகுதான் கதவைத் திறந்தோம். அதன் பிறகு வீதியில் பல வீடுகள் அப்படித்தான் செய்கின்றன. மாற்றம் வந்தால் முதலில் கதவடைக்கிற சத்தம்.

குளிர்காலத்தில் கவுன்சில்காரர்கள் அந்த இடத்தில் வேறு கன்று நட்டார்கள். தேனீ தேடி வருகிற பூவாம், காற்றில் தூள் பறக்காதாம். டெஸ்ஸி குளியலறையில் மறுபடியும் வாளி வைத்திருக்கிறாள். இப்போது தண்ணீருக்குத் தட்டுப்பாடு எதுவும் இல்லை. பிளாகோயாவின் இரண்டாவது நாற்காலி கன்றின் பக்கத்தில் இருக்கிறது. அதில் அவள்தான் உட்காருகிறாள்.

செப்டம்பர் வந்தது. ஒரு மரம் போனால் என்ன, வீதியில் மீதி மரங்கள் அப்படியே இருக்கின்றனவே, காற்றுக்கு வேலி உண்டா? ஒருநாள் சாயங்காலம் நான் அவள் வீட்டில் இருந்தபோது டெஸ்ஸி திடீரென்று வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்தாள். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். ஓடிப்போய்த் துணி துவைக்கிற அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். வாஷிங் மெஷின் ஓடும் சத்தம். அதற்கு அடியில், துணிக்குவியலில் முகம் புதைத்த மாதிரி ஏழெட்டுத் தும்மல்.

வெளியே வந்தபோது மூக்கு தக்காளியாக இருந்தது. வேலிக்கு அப்பாலிருந்து பிளாகோயாவின் குரல் கேட்டது.

"பாத்தியா கொம்ஷி! செப்டம்பர் வந்துடுச்சு, ஒரு தும்மல் உண்டா?"

டெஸ்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள். பிறகு வேலிப் பக்கம் திரும்பி, வீதிக்கே கேட்கும்படி சொன்னாள்.

"ஒண்ணுகூட இல்ல கொம்ஷி. எல்லாம் உன் புண்ணியம்!"